தொண்ணூறுக்குக் கீழே

அநியாயம் செய்யப்பட்டது என் தங்கை ஷெபாவுக்கு. செய்தது அவள் படிக்கிற பள்ளி. பத்தாம் வகுப்புத் தமிழில் எண்பத்தொன்று வாங்கினாள் என்ற ஒரே காரணத்துக்காக, ப்ளஸ் ஒன் திறந்த அன்றே, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் பெயரைத் தமிழிலிருந்து உருவிப் பிரெஞ்சுப் பட்டியலில் செருகிவிட்டார்கள். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். குட் மார்னிங் மிஸ், நல்லாருக்கீங்களா மிஸ் எல்லாம் முதலில் வேண்டாம், அதைச் சொன்னால் என் குரல் பழைய மாணவிக் குரலாகிக் குழைந்துவிடும், குழைந்தால் தொலைந்தேன். கல்லூரி விவாதக் குழுவில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த பாடம், யார் பாதிக்கப்பட்டவர், யார் பாதித்தவர், இரண்டையும் முதல் அரை நிமிஷத்தில் போட்டுவிடு, எதிராளி பிறகு எவ்வளவு சிரித்துப் பேசினாலும் சபைக்கு அந்த இரண்டு பேர்தான் நினைவில் நிற்பார்கள். இங்கே சபை என்று யாரும் இல்லை. வைஸ் பிரின்சிபால் ஹெப்சிபா மிஸ் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு, பெஞ்சில் நானும் ஷெபாவும், எதிரே பினாயில் போட்டுத் துடைத்த தரை, தலைக்கு மேல் ஓடாத மின்விசிறி. "மிஸ் ரவுண்ட்ஸ் போயிருக்காவ, இங்கன இருங்க. ஃபேன் சுவிச்ச நோண்டாதீங்க, கரண்டு இருந்தாலும் அது ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போன ஆயா வேலம்மாக்காவை இன்னும் காணோம். மணி பத்து இருபது. மதியம் சாப்பாட்டு மணிக்குள் பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறிவிடும், ஏறினால் ஏறினதுதான், இரண்டு வருஷத்துக்கு மாற்ற முடியாது என்று கிளாஸ் மிஸ் சொன்னதாக ஷெபா சொன்னாள். அதுவும் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன். என்னிடம் அவள் பேசி இன்றோடு நான்கு நாள். பெரிதாக எடுத்த ப்ளஸ் ஒன் சீருடை தோளில் வழிய, ஷூவின் நுனியால் தரையில் இல்லாத ஒரு கோட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். உனக்காகத்தானேட்டி வந்திருக்கேன், கொஞ்சம் முகத்த நிமித்து, இப்படி உக்காந்திருந்தா நம்ம பக்கம் தப்பு இருக்குன்னு நினைப்பாங்க என்று சொல்ல வாயெடுத்து, மணியைப் பார்த்தேன்.

இந்தப் பள்ளியில் இது வழக்கம். வழக்கம் என்ற சொல்லையே அறைக்குள் பயன்படுத்தப் போகிறேன், ஒரு முறை செய்தால் தவறு, வருஷா வருஷம் செய்தால் கொள்கை, கொள்கையென்றால் யாரோ ஒருவர் பொறுப்பு. பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தமிழ் கட்டாயம், யாரும் தப்ப முடியாது. ரிசல்ட் வந்ததும் தமிழில் தொண்ணூறுக்குக் கீழே போனவர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுவார்கள். அந்தத் தாளுக்குப் பள்ளியில் பெயரே கிடையாது, நாங்கள்தான் தொண்ணூறுக்குக் கீழே என்று சொல்லுவோம், "நீ கீழயாட்டி மேலயா" என்பதுதான் ஜூன் மாதம் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி. கீழே இருப்பவர்கள் தமிழ் பீரியடில் எழுந்து, வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒடுக்கமான அறைக்குப் போவார்கள். அங்கே செல்வின் சார் இருப்பார். நல்ல மனிதர், கோபப்படவே மாட்டார், அதுதான் எனக்கு இப்போது கோபம். முதல் நாளே முப்பத்திரண்டு பக்க ஜெராக்ஸ் தருவார். இடது பக்கம் பிரெஞ்சு, வலது பக்கம் அதே வரி தமிழ் எழுத்தில். ழெ மப்பெல். ழெ சுயி. மோன் ஷேர் அமி. "அர்த்தம்லாம் மண்டையில ஏத்தாதீங்க பிள்ளைகளா, இடிக்கும். கேள்வியோட முதல் ரெண்டு வார்த்தையப் பாருங்க, எந்தப் பதில்னு தெரிஞ்சிரும், மடமடன்னு எழுதிட்டு வாங்க" என்பார். நாங்கள் மடமடவென்று எழுதினோம். கோயில் கொயரில் லத்தீன் பாட்டுக்கு அர்த்தமா கேட்டோம், அதுபோல. எனக்குத் தொண்ணூற்றொன்பது. அந்த ஒன்று எங்கே போனது என்றுகூட எனக்குத் தெரியாது, எங்கே போனது என்று தெரிந்துகொள்ள அந்த மொழி தெரிந்திருக்க வேண்டுமே. கேட்டுக்கு வெளியே ஃபிளெக்ஸில் என் முகம் இன்னமும் இருக்கிறது, இரண்டு வருஷ வெயிலில் என் நெற்றியும் ஒரு காதும் வெளுத்துப்போய், 'பிரெஞ்சு 99' மட்டும் சிவப்பாக. காலையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது ஷெபா அதை நிமிர்ந்து பார்த்தாள். நான் சில்லறை தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அதையும் சொல்லத்தான் வேண்டும். நானே சாட்சி, என்னை வைத்தே நிரூபிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியுமா? சென்னைக்குப் போன முதல் வாரம். மற்ற பல கல்லூரிகள் மொழிப்பாட மதிப்பெண்ணைக் கண்டுகொள்வதில்லை. எங்கள் கல்லூரி மொத்தத்தையும் பார்க்கும், நூற்றுக்கு நான்கு பேரைத்தான் எடுக்கும், அந்த நான்கில் ஒருத்தியாக என்னை ஏற்றிவிட்டது அந்தத் தொண்ணூற்றொன்பதுதான். சரி. ஏறியாயிற்று. ப்ளஸ் டூவில் பிரெஞ்சு படித்தவர்களுக்குக் கல்லூரியில் தனி வகுப்பு, மேல்நிலை. நான் சந்தோஷமாகப் போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் டெல்லிப் பெண் ஒருத்தி, பின்னால் பாண்டிச்சேரிக்காரிகள் மூன்று பேர், பேராசிரியை உள்ளே வந்ததுமே அவர்களுக்குள் சரசரவென்று ஏதோ ஓடுகிறது, சிரிக்கிறார்கள், எனக்கு அது ஏதோ அடுத்த வீட்டு ரேடியோ. அவர் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து நின்று கேட்ட கேள்வியில் 'மேர்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. மேர் என்றால் அம்மா. அம்மா வருவது ஜெராக்ஸில் பத்தொன்பதாம் பக்கம், தோழிக்குக் கடிதம். எழுந்து நின்றேன். மடமடவென்று ஒப்பித்தேன், அதன் அர்த்தம் பிறகு டெல்லிப் பெண் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அன்புள்ள தோழி, நீ நலமா, நான் நலம், என் அக்காளின் திருமணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை நடைபெறுகிறது, என் தாயார் உன்னை அன்புடன் அழைக்கிறார். ஒரு சொல் தப்பவில்லை. பிறகு சிரிப்பு, வகுப்பு முழுக்க, பேராசிரியையும் சிரித்தார், நான் வேடிக்கைக்காகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார், கையைக்கூடத் தட்டினார். அவர் கேட்டது உன் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று. நர்ஸ். நர்ஸ் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லத் தெரியாமல் இல்லாத அக்காளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்துவிட்டு உட்கார்ந்தேன், பெஞ்சின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான்கு பருவமும் நான் வாயே திறக்கவில்லை. விவாத மேடையில் தொண்டை கிழிய இடஒதுக்கீடு பேசுவேன், அணை பேசுவேன், கைதட்டு வாங்குவேன், அடுத்த பீரியட் பிரெஞ்சென்றால் கழிப்பறையில் போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போவேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அம்மா வார்டில் எல்லோரிடமும், என் மூத்தவ பிரெஞ்ச்லாம் பேசுவா என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

வேலம்மாக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா வந்திருவாவ" என்று போனாள். பத்து முப்பத்தைந்து. மாடியில் ஏதோ வகுப்பு ஒன்றாகச் சேர்ந்து படிக்கிறது, சொல் தெரியவில்லை, ராகம் மட்டும் இறங்கி வருகிறது. எங்கே விட்டேன்? சாட்சி. இல்லை, அதை விட்டுவிடலாம், சொந்தக் கதை சொன்னால் அழுகை வரும், அழுதால் ஹெப்சிபா மிஸ் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பார், அப்புறம் என் வாதம் அவர் மேசையில் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பொருள். கொள்கையாகப் பேசு. எண்பத்தொன்று என்பது என்ன மோசமான மதிப்பெண்ணா? அவள் ஏன் எண்பத்தொன்று வாங்கினாள் என்று யாராவது விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தார்களா? அரைப்பரீட்சைத் தாளை நான் பார்த்தேன். பாடலின் கருத்தை விளக்குக என்று கேட்டதற்கு, கருத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, 'இதில் எனக்கு உடன்பாடில்லை' என்று ஆரம்பித்துப் பத்து வரி எழுதியிருந்தாள். ஐந்துக்கு இரண்டு. பக்கத்தில் சிவப்பு மையில், 'கேட்டதற்கு மட்டும் விடை எழுதவும்'. நான் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன், என் தங்கச்சிதான்ட்டி நீ என்று கட்டிப்பிடித்தேன். அப்படிப்பட்டவளை, சொந்தமாக ஒரு வரி யோசித்து எழுதக்கூடியவளை, அர்த்தம் தெரியாத முப்பத்திரண்டு பக்கத்துக்குள் இரண்டு வருஷம் அடைப்பதா? இது நல்ல வரி. இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வரி இவ்வளவு நாள் எங்கே இருந்தது? போன சனிக்கிழமை மத்தியானம்தான் வந்தது. கரண்டு போயிருந்தது, நான் ஊருக்கு வந்து இரண்டாம் நாள், ஷெபா கட்டிலில் குப்புறக் கிடந்து அதே ஜெராக்ஸை, அதே ஜெராக்ஸைத்தான், ஓரம் மட்டும் புதிதாக மடங்கியிருந்தது, உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ழெ, ழெ, என்று நாக்கு மடங்காமல் நான்கு முறை. பிறகு தாளை என் பக்கம் நீட்டி விரலை ஒரு வரியில் வைத்தாள். "அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்?" நான் பார்த்தேன். அந்த வரி எனக்கு மனப்பாடம். அடுத்த வரியும் மனப்பாடம், அந்தப் பக்கம் முடியும் வரை கண்ணை மூடிச் சொல்வேன். கல்லூரியிலும் இரண்டு வருஷம் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். அர்த்தம் வரவில்லை. "அது வந்து... மொத்தமாத்தான் பாக்கணும், தனித்தனியா கேட்டா எப்பிடி?" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "நீ தொண்ணூத்தொம்பதுல்லா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்த முகத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை, பயந்துபோன முகம், படி இருக்கும் என்று காலை வைத்து அங்கே படி இல்லாதபோது வருகிற முகம். எனக்குச் சுர்ரென்று ஏறியது, அவள் மேல் அல்ல, நேரே இந்தப் பள்ளி மேல், செல்வின் சார் மேல், ஹெப்சிபா மிஸ் மேல். "உன்னக் கேக்காம எப்பிடிட்டி உன்னப் போடலாம்? திங்கக்கிழம வாரேன், கிழிச்சிட்டு வாரேன்" என்று கத்தினேன். அப்போதுதான் அவள் தாளை மடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்போதிலிருந்துதான் பேச்சு இல்லை. திங்கட்கிழமை நான் வரவுமில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டேன். இன்று செவ்வாய், பட்டியலுக்குக் கடைசி நாள் என்பதால் அம்மா இழுத்து அனுப்பினாள்.

ஏன் திரும்பிப் படுத்தாள்? நான் அவள் பக்கம்தானே பேசினேன். இந்த இடத்தில்தான் நான்கு நாளாகச் சிக்கிக்கொண்டு நிற்கிறேன், இந்த இடம் வந்தால் மனசு சட்டென்று வேறு எங்காவது போகிறது, பினாயில் வாசனை, ஃபேனில் தொங்குகிற ஒட்டடை, எதிர்ச்சுவரில் கால அட்டவணை. போகட்டும், இன்றைக்கு விடப்போவதில்லை. உன்னைக் கேட்காமல் என்றேன். கேட்காமலா? மே மாதம் ஒரு நாள் மத்தியானம், விடுதி மெஸ் வரிசையில் தட்டோடு நிற்கிறேன், அம்மா போன். "ஏ ஜெரூ, ஸ்கூல்ல ஒரு சீட்டு குடுத்து விட்டிருக்காவ. தமிழா பிரெஞ்சான்னு டிக் போட்டுக் கையெழுத்துப் போடணுமாம். என்னத்த போட? இவ என்னமோ தமிழே இருக்கட்டுங்கா." எனக்குப் பின்னால் இருந்தவள் நகரு நகரு என்கிறாள், தட்டில் சாம்பார் சரிகிறது. "பிரெஞ்ச் போடும்மா, இதுக்கெல்லாமா போன் பண்ணுவ? எண்பத்தொண்ணு வாங்குனவளத் தமிழ்ல விட்டா எங்க காலேஜ் கேட்டுக்குள்ளகூட விட மாட்டாங்க. அவளுக்கு என்னம்மா தெரியும்? நான் சொல்லுதேன், போடு." அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இருக்காது. வைத்துவிட்டு அப்பளம் இன்னொன்று கேட்டு வாங்கினேன். கழிப்பறையில் ஐந்து நிமிஷம் நிற்கிறவள், நான்கு பருவம் வாயைத் திறக்காதவள், அந்த வரிசையில் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கும், எனக்குப் பிரெஞ்சு தெரியாதும்மா என்று, வார்டில் சொல்லிவைத்ததை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள் என்று. அதைவிட ஒரு டிக் சுலபம். அதுவும் போகட்டும், இன்னொன்று. அம்மா டியூட்டி முடிந்து வந்து காலுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டுதான் எனக்குப் பேசுவாள், கை ஓயாது, அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருப்பாள். எப்போதும். அப்படியானால் அவளுக்கு என்னம்மா தெரியும் என்றபோது ஷெபா எங்கே இருந்தாள்? இவ என்னமோ தமிழே இருக்கட்டுங்கா என்று அம்மா சொன்னாளே, பக்கத்தில் நிற்பவளைத்தானே அப்படிச் சொல்வார்கள்? திரும்பி அவளைப் பார்க்கிறேன். அவள் ஷூவைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். ஷெபா, என்கிறேன். ம், என்கிறாள். நான்கு நாளில் முதல் ம். கேட்டுவிடலாமா? கேட்டால் ஆமா என்பாள், ஆமா என்றால் இந்தப் பெஞ்சில் இரண்டு பேர் இருப்பது போதும், அநியாயம் செய்தவளைத் தேடி உள்ளே போகவே வேண்டாம். இல்லை, பள்ளிக்கும் பங்கு உண்டு, அந்தச் சீட்டை எதற்குக் கொடுத்தார்கள், தொண்ணூறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் ஏன், எண்பத்தொன்றுக்கு முன்னால் யார் அந்தக் கோட்டைப் போட்டது, இதெல்லாம் உண்மை, ஒவ்வொன்றும் உண்மை, ஆனால் எல்லா உண்மையையும் வரிசையாக அடுக்கி அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன், கால் வெளியே தெரிகிறது.

"மிஸ் வந்தாச்சு, உள்ள போங்க." ஹெப்சிபா மிஸ் எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "ஏ, நீ ஜெரூஷால்லா? தொண்ணூத்தொம்பது ஜெரூஷா! உக்காரு உக்காரு. உன்னக் காட்டித்தான் ஒவ்வொரு பேரன்ட்ஸையும் ஒத்துக்க வைக்கேன்." குட் மார்னிங் மிஸ் என்றேன். நல்லாருக்கீங்களா மிஸ் என்றேன். குரல் குழைந்தது, அது என் கட்டுப்பாட்டில் இல்லை. பிறகு எப்படியோ பிடித்து இழுத்து, "மிஸ், ஷெபாவ பிரெஞ்சுல போட்டிருக்கீங்க. அவளுக்குத் தமிழ் வேணும். அவளக் கேக்காம..." என்றேன். "கேக்காமயா?" என்று அவர் கோபமில்லாமல் மேசை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பேண்டு போட்ட கட்டு. நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டி உருவி, என் முன்னால் வைத்தார். தமிழ் ஒரு கட்டம், பிரெஞ்சு ஒரு கட்டம், பிரெஞ்சில் நீல மையில் டிக், கீழே அம்மாவின் கையெழுத்து, மருத்துவமனைச் சீட்டில் போடுகிற அதே அவசரக் கையெழுத்து. "உங்க அம்மாதானம்மா?" அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது மிஸ், என்று வாய் ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு இதெல்லாம் என்ற வரை வெளியே வந்தே விட்டது. வெந்நீரில் கால் வைத்துக்கொண்டிருக்கிறவள் மேல் இதையும் போடப் பார்க்கிறேன். பக்கத்தில் ஷெபா மூச்சை இழுத்து நிறுத்தினது கேட்டது. "நான்தான் மிஸ் போடச் சொன்னேன்" என்றேன். "அம்மா என்னக் கேட்டாங்க. நான்தான் சொன்னேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது மிஸ். காலேஜுல ஒருத்தர்ட்டயும் ஒரு வார்த்த பேச முடியல. தெரியாமத்தான் தொண்ணூத்தொம்பது வாங்குனேன், தெரிஞ்சே அவளையும் தள்ளிவிட்டேன்." அரை நிமிஷத்தில் பாதிக்கப்பட்டவரையும் பாதித்தவரையும் சொல்லிவிட்டேன், சபையில் மூன்று பேர். மிஸ் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார், பிரியமாகவே சிரித்தார். "தெரியலைன்னா என்னம்மா, அந்தக் காலேஜுக்குள்ள போயிட்டேல்லா? தமிழ்ல நின்னிருந்தா போயிருப்பியா?" நான் விவாதம் பேசுகிறவள். இதற்குப் பதில் என்னிடம் இருக்க வேண்டும். ஆனால் போயிருக்க மாட்டேன் என்பது கணக்கு, கணக்கோடு எப்படி வாதாடுவது? மிஸ் என்னை விட்டுவிட்டு ஷெபாவின் பக்கம் திரும்பினார், பேனாவின் மூடியைத் திறந்து, சீட்டின் மேல் நிறுத்தி வைத்தபடி. "நீ சொல்லு பிள்ள. நான் அடிச்சு எழுதிருதேன், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீ எழுதுத எழுத்துக்குத் தமிழ்ல எண்பதுதான் வரும், அதுக்கு மேல ஒண்ணுகூட வராது, இப்பவே சொல்லிட்டேன். எண்பத வச்சுக்கிட்டு உங்க அக்கா காலேஜுக்கு எப்பிடிப் போவ?" நான் அவளைப் பார்க்கவில்லை, பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லூரிக்கு நீ வருவாய், என் விடுதியிலேயே அறை வாங்கித் தருவேன் என்று அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லிவந்திருக்கிறேன், அவளும் பெட்டியில் என்னென்ன வைப்பது என்று எழுதிக்கூட வைத்திருந்தாள். மாடியில் ராகம் நின்றுவிட்டது. ஷெபா நேராக உட்கார்ந்து, தோளில் வழிந்த சீருடையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"எண்பது வாங்குனவங்களச் சேக்குத காலேஜுக்குப் போறேன் மிஸ்."